வயலெற் மலரும் அதை வளர்த்தோரும்

வயலெற் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரு நிறம். வானவில்லின் ஓரத்து ஊதா நிறம். அந்த நிறத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தது ஒரு சிறு பூ என்பதும், அப்பூ நிலத்திலிருந்து ஒரு சாண் உயரங்கூட எழாத செடியொன்றிற் பூப்பது என்பதும் பலர் எண்ணிப் பாராதவை. இலத்தீன் மொழியிலே அதற்கு வியோலா என்று பெயர். கிரேக்க மொழியிலே இயோன். 1811 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பெர்னார் கூர்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலைக் கொண்டு வெடியுப்புத் தொழிலுக்கு வேண்டிய பொருள் எடுத்துக்கொண்டிருக்கும்போது, கலத்திலிருந்து ஊதா நிற ஆவி கிளம்பக் கண்டார். அந்தப் புதுப் பொருளுக்கு, இயோன் மலரின் நிறத்தை நினைந்தே, அயடீன் என்று அறிஞர் பெயரிட்டனர். முழங்காற் காயத்தில் அயடீன் பூசிக்கொண்டு முகஞ்சுளித்த சிறுவன், தான் பூசிக்கொண்டது ஒரு பூவின் பெயரை என்று அறிந்திருக்க நியாயமில்லை.

இன்று பேச எடுத்துக்கொண்டது ஐரோப்பியத் தோட்டங்களின் மணமுள்ள வயலெற். கொழும்பிலும் கண்டியிலும் யன்னலோரத்துச் சட்டிகளில் வளர்க்கிறார்களே, தடித்து மயிர் செறிந்த இலைகளையுடைய ஆபிரிக்க வயலெற், அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. 1892 ஆம் ஆண்டில் கிழக்காபிரிக்காவின் உசம்பாரா மலைகளிலே ஜெர்மானிய அதிகாரியொருவர் கண்டெடுத்துத் தம் தந்தைக்கு அனுப்பிவைத்த செடி அது. நிறத்தைப் பார்த்து அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு மாறாக, நம் வைத்தியர்கள் நன்கறிந்த ஓரிதழ்த் தாமரை, பெயரால் தாமரையாக இருப்பினும், தாவர நூலார் கணக்கின்படி வயலெற் குடும்பத்ததே. பெயரை நம்பி உறவு கொண்டாடுவதில் இப்படியும் ஓர் இடர்ப்பாடு உண்டு.

பண்டைக் கிரேக்கர் இயோன் மலரை மாலையாகத் தொடுத்துத் தலையில் அணிந்தனர். கவிஞர் பிந்தார், ஏதென்சு நகரையே வயலெற் முடி சூடிய நகரம் என்று சிறப்பித்தார். அவ்வடைமொழியைக் கேட்டமாத்திரத்தில் ஏதென்சு மக்கள் நிலைகொள்ளாமற் பூரித்துப் போகிறார்கள் என்று நாடகாசிரியர் அரிஸ்தோபனீசு பின்னாளிற் கேலி செய்தார். புகழ்ச்சிக்கு மயங்குவது நம்மவர்க்கு மட்டும் உரிய குறைபாடு அன்று என்று இதனால் ஆறுதல் கொள்ளலாம்.

மாலையிலிருந்து மருந்துக்கு வந்தது. அரபு நாட்டு வைத்திய நூலார் இதனைப் பனப்சஜ் என்றும், பாரசீகர் பனப்ஷா என்றும் வழங்கினர். 1037 ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற இபின் சீனாவின் மருத்துவப் பேரேட்டிலும் இது இடம்பெற்றுள்ளது. யூனானி வைத்தியத்தோடு அப்பெயர் இந்தியாவுக்கும், பின்னர் நம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் கொடுக்கும் கஷாயங்களில் உலர்ந்த பனப்ஷாப் பூவைச் சேர்ப்பது இன்றும் யூனானி வழக்கம். எனவே, வயலெற் மலரை உயிரோடு கண்டிராத பலரும் அதன் சாற்றைக் குடித்திருக்கக்கூடும்.

ஐரோப்பாவிலும் வயலெற் பாகு மருந்துக்கடைச் சரக்காகவே நெடுங்காலம் இருந்தது. அந்தப் பாகை றொபேட் பொயில் என்ற ஆங்கில அறிஞர் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டார். நிறங்களைப் பற்றி 1664 இல் வெளியிட்ட நூலில், நீல நிறமான வயலெற் பாகிலே அமிலத்தை விட்டாற் சிவக்கிறது, காரத்தை விட்டாற் பச்சையாகிறது என்று அவர் விளக்கினார். இன்று பள்ளி மாணவர் பாசிச்சாயத் தாளைக் கொண்டு செய்யும் சோதனையை அன்று ஒரு பூவின் சாறு செய்துகாட்டியது.

நேயர்களே, வரலாற்றை மேலே தொடருமுன் இச்செடி வாழும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் நிகழ்ந்தவை யாவும் அதிலேதான் தங்கியிருக்கின்றன.

மணமுள்ள வயலெற் இதய வடிவான இலைகளை உடையது. குளிர் தணியத் தொடங்கும் மாதங்களில், பிற செடிகள் கண் விழிக்கு முன்னரே பூக்கும். பூ தலை குனிந்து, இலைகளுக்கு உள்ளே ஒளிந்து நிற்கும். வண்டினங்கள் அதிகம் பறவாத பருவமாகையால், அந்த அழகிய பூக்களில் விதை பிடிப்பது குறைவு. செடி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வேனிற்காலம் வந்ததும், இதழ் விரியாத, மணமும் நிறமும் இல்லாத வேறுவகைச் சிறு மொட்டுக்களைத் தரையோடு தரையாக ஈனுகிறது. அவை மூடியபடியே தமக்குள் மகரந்தம் சேர்ந்து, ஏராளமாக விதை தருகின்றன. ஊரார் பார்த்து மகிழ ஒரு பூ. குடும்பம் நடத்த இன்னொரு பூ. விதையின் ஒருபுறத்தில் எண்ணெய்ப் பசையுள்ள சிறு சதைத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதை விரும்பும் எறும்புகள் விதையை இழுத்துச் சென்று, சதையைத் தின்றுவிட்டு விதையைப் புற்றருகே எறிந்துவிடும். தோட்டத்திலே நடாத இடத்தில் வயலெற் முளைப்பதன் காரணம் இதுவே. இவையன்றி, தாய்ச்செடியின் அடியிலிருந்து தரைமேற் படரும் ஓடிகள், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் புதுச்செடிகளாகின்றன.

இதை வளர்ப்பவன் செய்ய வேண்டியவை இந்த இயல்பைத் தழுவியவை. இலையுதிர்க்கும் மரங்களின் கீழ்ப்புறம் இதற்கு உகந்தது. குளிர்காலத்தில் வெயிலும் கோடையில் நிழலும் அங்கே கிடைக்கும். நிலம் ஈரம் காக்கவேண்டும், நீர் தேங்கவுங்கூடாது. நன்றாக உக்கிய இலைப் பசளை எவ்வளவு இட்டாலும் மிகையாகாது. கோடை முழுவதும், ஓடிகள் நீள நீளக் கிள்ளிவிட வேண்டும். விட்டால், செடி தன் பலத்தையெல்லாம் பரவுவதிலே செலவிட்டு அடுத்த பருவத்திற் பூவைக் குறைத்துவிடும். வறண்ட வெப்பத்தில் இலையின் அடிப்புறத்திலே கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிவந்த சிற்றுண்ணிகள் பற்றி, பச்சையை உறிஞ்சி, இலையைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடும். ஆகவே நீர் தெளிப்பவன் இலையின் கீழ்ப்புறத்தையும் நனைக்க மறக்கலாகாது. பூத்து முடிந்ததும், முற்றி மரத்துப்போன பழந்தூரை எறிந்துவிட்டு, வேர்கொண்ட இளஞ்செடிகளைப் பிரித்து ஏறத்தாழ ஓரடி இடைவெளியிற் புதுப் பாத்தியில் நடவேண்டும். இந்தப் பிரித்து நடும் வேலையைச் சோம்பலால் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போட்டவர், இலைக்காட்டை வளர்த்துக்கொண்டு பூவைத் தேடிக்கொண்டிருப்பார்.

குளிர் கண்டால் மட்டுமே நன்கு பூக்கும் செடியாதலால், யாழ்ப்பாணத்து வெயிலில் இதனை எதிர்பார்ப்பது வீண். வயலெற் இனத்துக் காட்டுச்செடிகள் சில நமது மலைநாட்டின் உயர்ந்த புற்றரைகளில் தாமாகவே வளர்கின்றன. அவை தோட்டத்து வயலெற் அல்ல. அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் எனலாம்.

இனிப் பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள துலூஸ் நகரத்துக்கு வருவோம். அந்நகருக்கும் வயலெற்றுக்கும் இருந்த தொடர்பு தோட்டத்தில் அன்றிப் புலவர் அவையிலே தொடங்கியது. 1323 ஆம் ஆண்டில், அந்நாட்டு ஒக்சித மொழியிற் கவிதை அருகிவருவதைக் கண்டு வருந்திய எழுவர் ஒன்றுகூடி ஓர் அவையை நிறுவினர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த போட்டியில் வென்ற கவிஞருக்குப் பொன்னாற் செய்த வயலெற் மலரைப் பரிசளித்தனர். பாடிய பாணருக்குப் பொற்றாமரை சூட்டிய மரபு நமக்கும் உண்டாதலால், இந்தச் செய்தியைப் படித்தபோது தூரத்து உறவினர் வீட்டுக் கலியாணக் கதையைக் கேட்டாற்போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

வயலெற்றை அரசியலுக்கு இழுத்தது நெப்போலியன் கட்சி. 1814 இல் முடிதுறந்து எல்பாத் தீவுக்குப் போன நெப்போலியன், வயலெற் பூக்கும் காலத்தில் திரும்பி வருவான் என்று அவன் ஆதரவாளர் நம்பினர். தமக்குள் அவனை வயலெற் கோப்பிரல் என்று குறித்தனர். 1815 மார்ச்சு மாதத்தில் அவன் பாரிசு நகரில் நுழைந்தபோது அந்த மலர் வெளிப்படையான கட்சிச் சின்னமாயிற்று. வயலெற் பூங்கொத்து ஒன்றை வரைந்து, இலைகளின் இடைவெளிகளில் நெப்போலியன், அவன் மனைவி மாரி லூயிசு, மகன் ஆகியோரின் பக்கமுகங்களை ஒளித்துவைத்த படமொன்று அக்காலத்தில் அச்சாகி விலைப்பட்டது. வாட்டர்லூத் தோல்விக்குப் பின்னர், மேலங்கியில் வயலெற் செருகியவனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் காலம் வந்தது.

மாரி லூயிசு இத்தாலியின் பார்மா நாட்டுக்குக் கோமகளாகி, 1847 வரை அங்கே ஆட்சி செய்தாள். அவள் வயலெற் மீது கொண்ட விருப்பம் பிரசித்தமானது. பார்மா வயலெற் எனப் பெயர் பெற்ற தோட்டச் செடி, காட்டு வயலெற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அடுக்கடுக்காக இதழ்களையுடையது, வெளிறிய ஊதா நிறமும் இனிய ஆழ்ந்த மணமும் கொண்டது. இது எங்கே தோன்றியது என்று தோட்டக்கலைஞர் நெடுங்காலம் வாதிட்டனர். மணமுள்ள சாதாரண வயலெற்றிலிருந்து வந்ததன்று, வெள்ளை வயலெற் எனப்படும் இனத்தின் வழிவந்தது என்று 2007 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

அடுக்குப் பூவுக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலும் அது விதை தருவதில்லை. எறும்பும் வேண்டாம், மூடிய மொட்டும் பயனில்லை. ஓடிகளைப் பிரித்து நடும் மனிதக் கைகளே அதற்கு உள்ள ஒரே வழி. ஒரு பாத்தியிலுள்ள பார்மா வயலெற் யாவும் ஒரே செடியின் துண்டுகள் என்று சொல்லலாம். காட்டு வயலெற்றைத் தோட்டக்காரன் மறந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். பார்மா வயலெற்றை ஒரு சில ஆண்டுகள் மறந்தால் அத்துடன் சரி.

துலூஸ் நகரத்துக்கு இச்செடி 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. இத்தாலியப் போரிலிருந்து திரும்பிய போர்வீரன் ஒருவன் காதலிக்குக் கொண்டுவந்தான் என்பது ஊர்க்கதை. கதையை அப்படியே விட்டுவிடுவோம். நகரின் வடபுறத்து மரக்கறித் தோட்டக்காரர் இதைப் பற்றிக்கொண்டதற்கு நல்ல பொருளியற் காரணம் இருந்தது. மரக்கறி வேலை ஓய்ந்திருக்கும் மாரிக்காலத்திலே பூத்துக் காசு தருகிற பயிர் இது. லலாந்து, ஓக்கம்வீல் முதலிய ஊர்களிற் சில நூறு குடும்பங்கள் வயலெற் வளர்த்தன. வசந்தத்தில் ஓடிகளைப் பிரித்து நடுவார்கள். கோடை முழுதும் கிள்ளி, களைபிடுங்கி, நீர் தெளிப்பார்கள். ஒக்டோபரிற் பாத்தியின் மேல் கண்ணாடிச் சட்டங்களை வைப்பார்கள். உறைபனி விழும் இரவுகளிற் கண்ணாடியின்மேல் வைக்கோற் பாய் விரித்து, விடிந்ததும் சுருட்டி எடுத்து, வெயில் ஏறியதும் காற்றுக்காகச் சட்டத்தைச் சற்று உயர்த்தி, மாலையில் மறுபடி மூடவேண்டும். பூவைக் கொய்வதோ, குளிர்ந்த மண்ணிற் குனிந்தபடி, ஒவ்வொரு காம்பாகக் கிள்ளிச் செய்யும் வேலை. அதைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். கொய்த மலரைச் சிறு கொத்தாகக் கட்டி, சுற்றிலும் வயலெற் இலைகளைப் பொருத்திப் புகையிரதத்தில் ஏற்றினால், அது பாரிசுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேரும். இரயிற்பாதை இல்லையேல் இத்தொழிலே இல்லை. சீனிப்பாகிலே தோய்த்து உலர்த்திய வயலெற் இனிப்பும் துலூஸின் பெயரைப் பரப்பியது.

இது ஒருபுறமிருக்க, வாசனைத் தொழிலிலே பெரும் மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. வயலெற் மலரிலிருந்து மணத்தைப் பிரித்தெடுப்பது மிகச் செலவான காரியம். குவியல் குவியலாகப் பூக் கொட்டினாலும் கிடைப்பது சில துளிகளே. 1893 ஆம் ஆண்டில் பேர்டினந்து தீமான், பவுல் குரூகர் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இருவர், வயலெற்றைப் போன்ற மணமுள்ள ஐரிசுக் கிழங்கை ஆராயப் புகுந்து, வயலெற் மணத்தையே ஆய்வுகூடத்தில் ஆக்கும் வழியைக் கண்டனர். அப்பொருளுக்கு, அந்தப் பழைய கிரேக்கப் பெயரை ஒட்டி, இயோனோன் என்று பெயர் வைத்தனர்.

அதை ஆக்குவதற்கு மூலப்பொருள் யாது? எலுமிச்சை மணத்துக்குக் காரணமான சிற்றால். அது எலுமிச்சம் பழத்தோலில் உள்ளதிலும் பார்க்க எலுமிச்சம் புல்லின் எண்ணெயிலே மிக அதிகம். நல்ல எண்ணெயில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலுண்டு. அந்தப் புல் கேரளத்து மலைச்சாரல்களில் வளர்வது. கொச்சித் துறைமுகத்தின் வழியே சென்றமையால் ஐரோப்பியச் சந்தையில் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர். மலைச்சரிவிற் புல்லை அறுத்து, செம்புக் கலத்திலிட்டுக் கீழே தீமூட்டி, எண்ணெய் வடித்தவர்கள், தாங்கள் வடிப்பது பாரிசு நகரத்துச் சீமாட்டியின் கைக்குட்டையில் வயலெற்றாக மணக்கப் போகிறது என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். பூவைக் கொய்த துலூஸ் பெண்ணும் அந்தப் புல்லைக் கண்டதில்லை. பிற்காலத்தில் இதே இயோனோனின் ஒரு வகையிலிருந்து விற்றமின் ஏ செய்யும் முறையும் வந்தது என்பதை இடையே குறிப்பிட்டு வைக்கிறேன்.

இயோனோன் மணத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. முகர்ந்த சிறிது நேரத்தில் மூக்கு அதற்கு மரத்துப்போகும். பூவே மணத்தை ஒளித்துக்கொண்டதுபோலத் தோன்றும். அன்றியும், ஒரே பூவை முகர்ந்து ஒருவர் ஆகா என்பார். மற்றவர் மணமே இல்லை என்பார். இருவரும் மெய்யே சொல்கின்றனர். மூக்கிலுள்ள ஓர் உணர்கருவியின் மரபணு வேறுபாடே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது 2013 இல் தெளிவாயிற்று.

செயற்கை மணம் வந்ததும் வயலெற் தோட்டம் அழிந்தது என்று சிலர் சுருக்கமாக எழுதிவிடுகின்றனர். நிகழ்ந்தது அவ்வளவு நேரானதன்று. மலிவான வயலெற் வாசனை எங்கும் பரவியபோது, மலரின் மோகமும் முதலிற் கூடவே வளர்ந்தது. இங்கிலாந்தில் டெவன் கரையோரமும், அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ரைன்பெக்கும் வயலெற்றாற் செழித்தது அந்தப் பத்தாண்டுகளிலேதான். வாசனைத் தொழிலுக்கென்று பயிரிட்ட இடங்களே முதலில் அடிபட்டன. அவற்றிலும், கிராசு நகருக்கு அண்மையிலுள்ள தூரெத் என்னும் மலையூர் ஒரு வழி கண்டது. பூவின் மணத்தைச் செய்ய முடிந்த இரசாயனியால், வயலெற் இலையின் பசுமணத்தை அவ்வளவு எளிதிற் செய்ய முடியவில்லை. அவ்வூரார் கோடையில் இலையை அறுத்து வாசனைத் தொழிற்சாலைக்கு விற்றனர். மாரியிற் பூவைக் கொத்தாகக் கட்டி விற்றனர். 1952 முதல் அவ்வூரில் வயலெற் விழாவும் நடைபெற்று வருகிறது.

துலூஸின் வீழ்ச்சிக்கு எல்லோரும் காட்டும் நாள் 1956 பெப்ரவரி. அம்மாதத்துக் கொடுங்குளிரில் பிரான்சு நாட்டின் தெற்கே ஒலிவ மரங்களே கருகின. வயலெற் பாத்திகள் எப்படித் தாங்கும்? ஆயினும், குளிரின் மேல் முழுப் பழியையும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிரில் மடிந்த பாத்தியை, எஞ்சிய சில செடிகளைக் கொண்டு சில ஆண்டுகளில் மீட்டுவிடலாம். முன்னரும் அப்படி மீட்டிருக்கிறார்கள். இம்முறை மீட்பதற்குக் கைகள் இல்லை. இரண்டு போர்கள் குடும்பங்களைக் குறைத்துவிட்டன. இளைஞர் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போயினர். நகரம் பெருத்து மரக்கறித் தோட்டங்களை விழுங்கியது. வயலெற் மணம் பாட்டிமாரின் மணம் என்று நாகரிகம் அதை ஒதுக்கிவிட்டது. நள்ளிரவில் எழுந்து பாய் விரிக்க எவன் இருப்பான்? எஞ்சிய முதியவர்களின் பாத்திகளிலும், ஆண்டாண்டாக ஒரே செடியைப் பிரித்து நட்டதால் நோய்கள் ஓடியோடு ஓடியாகத் தொடர்ந்து வந்து, பூவைக் குன்றச் செய்தன.

1980 களில் நிலைமை மாறத் தொடங்கியது. துலூஸ் வயலெற்றின் நுனிக்குருத்தை நுண்ணிய துண்டாக வெட்டி, ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, நோயற்ற செடிகளைப் பெருக்கினர். பழந்தோட்டக்காரரிடம் தப்பியிருந்த செடிகளே அதற்கு வித்தாயின. 1994 இல் நகராட்சியின் கண்ணாடிக் கூடங்களில் வயலெற் வகைகளுக்கென்று ஒரு பாதுகாப்பகம் அமைந்தது. பல நாட்டு வகைகள் இன்று அங்கே சட்டிகளில் நிற்கின்றன. பெப்ரவரியில் நகரம் வயலெற் விழாக் கொண்டாடுகிறது. வளர்ப்போர் தொகையோ பழைய நூற்றுக்கணக்கினின்றும் ஒரு சிலராகக் குறைந்துவிட்டது. அவர்களும், பூக்காலம் முடிந்ததும், பழந்தூரை எறிந்து ஓடிகளைப் பிரித்து நடும் அந்தப் பழைய வேலையையே செய்கிறார்கள். கண்ணாடிக் குழாய் நோயை நீக்கித் தருகிறது. கோடையில் ஓடி கிள்ளுவதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.